தட்டிக்கேட்க ஒரு ஆள்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் இருக்கும் அண்ணன்மார் அக்காமாருக்கும், வேலை முடிந்த களைப்போடு டர்பனின் இந்த சாட்ஸ்வொர்த் மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

தொழிற்சங்கம் தொழிலாளிக்கும் நலிந்த கம்பெனிக்கும் துணையா, சுமையா? துணை என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் நம் தென்னாப்பிரிக்காவின் நியூகாசில் ஊரைக் காட்டினார். 2010-ல் அங்கே பல தையல் ஃபேக்டரிகள் சங்கமும் முதலாளிகளும் சேர்ந்து கூலி பேசி முடிக்கும் பார்கெய்னிங் கவுன்சில் வைத்த குறைந்தபட்சக் கூலியைக் கொடுக்கவில்லை. கவுன்சில் சட்டப்படி நடவடிக்கை எடுத்ததும் முதலாளிகள் கதவைச் சாத்தினார்கள். வேலை செய்த பெண்களே "கூலி குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, திறந்து வையுங்கள்" என்று கேட்டார்கள். அண்ணன் சொன்னது உண்மை. அந்தப் பெண்களின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் வீட்டிலும் அதே பயம் இருந்தது, அதற்கு அப்புறம் வருகிறேன். ஆனால் அண்ணன் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். அடுத்த வருஷமே, 2011-ல், ஆடைத் தொழிலாளர் சங்கம் முதலாளிகளோடு உட்கார்ந்து, புதிதாகச் சேருகிறவர்களுக்கு 30 சதவீதம் வரை குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டது. பதிலுக்குப் புதிய வேலைகளை உருவாக்க வேண்டும் என்று கேட்டது. பிடிவாதம் பிடிக்கிற சங்கம் இதைச் செய்யுமா?

நியூகாசில் என்றதும் எனக்கு இன்னொரு வருஷம் நினைவுக்கு வருகிறது, 1913. அதற்குமுன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிவந்து டர்பனில் இறக்கியது. மாதம் பத்து ஷில்லிங் கூலி, வருஷக் கணக்கில் ஒப்பந்தம். கூலி குறைவு என்பது ஒரு பக்கம். 1891-ல் டர்பன் இருக்கும் இந்த நேட்டாலில் வந்த சட்டத்தைப் பாருங்கள். எஸ்டேட்டின் ஆட்கள் கூட்டமாக வேலையை விட்டுவிட்டு முறையிடப் போனால், முறையீடு நியாயமாகவே இருந்தாலும் தண்டனை உண்டு. தனியாகப் போய் அழுதால் தோட்ட முதலாளி பொறுத்துக்கொள்வான், நாலு பேர் சேர்ந்து போனால் பொறுக்க மாட்டான். நம் ஆட்கள் சேர்வதைப் பார்த்து அன்றைய தோட்ட முதலாளி ஏன் அவ்வளவு பயந்தான் என்று எதிரணி யோசிக்க வேண்டும்.

ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கினால் வருஷத்துக்கு மூன்று பவுன் தலைவரி. 1913 அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் நம்மவர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களைத் திரட்டியவர்களில் தம்பி நாயுடு என்பவர் முக்கியமானவர். வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்கள் இருந்த கடற்கரைப் பகுதி முழுக்கப் பரவியது. 1914-ல் அந்த வரி போனது. அன்று பதிவு செய்த சங்கம் எதுவும் இல்லை, அதனால் சிறைக்கும் சாட்டைக்கும் உடம்பைக் கொடுத்துத்தான் அதை வாங்க முடிந்தது.

"சங்கம் இல்லாவிட்டால் ஸ்ட்ரைக் இருக்காது, கம்பெனி நிம்மதியாக ஓடும்" என்று எதிரணி அக்கா சொன்னார். அக்கா, அதை இந்த ஊரே சோதித்துப் பார்த்திருக்கிறது. 1973 ஜனவரி 9-ஆம் தேதி, டர்பனில் கொரனேஷன் செங்கல் தொழிற்சாலையில் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களுடைய சங்கத்துக்கு அன்று சட்ட அங்கீகாரம் கிடையாது. மூன்றே மாதத்தில் நகரம் முழுக்க சுமார் 60,000 பேர் வெளியே நின்றார்கள். "உங்கள் சார்பில் நாலு பேரை அனுப்புங்கள், பேசலாம்" என்று நிர்வாகம் கூப்பிட்டது. ஒருவரும் போகவில்லை. போகிறவனை அடையாளம் வைத்து வேலையை விட்டுத் தூக்குவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் கோரிக்கையைக் கூட்டத்திலிருந்து கத்தித்தான் சொன்னார்கள். சங்கத்தைத் தடுத்த முதலாளிகளால் ஸ்ட்ரைக்கைத் தடுக்க முடியவில்லை. பேசி முடிப்பதற்கு எதிரே ஆளில்லாமல் அவர்களே தவித்தார்கள். ஆறு வருஷம் கழித்து, 1979-ல், சட்டத்தை மாற்றி ஆப்பிரிக்கத் தொழிலாளர் சங்கங்களுக்கும் இடம் கொடுக்க வேண்டியதாயிற்று.

சரி, நலிந்த கம்பெனிக்கு வருகிறேன். தட்டிக்கேட்க ஆளில்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன் என்பார்கள். நம் டொங்காட்டையே பாருங்கள். எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கரும்போடு வாழ்ந்த ஊர். டொங்காட் ஹியூலெட் சர்க்கரைக் கம்பெனியின் கணக்குகள் ஊதிப் பெரிதாக்கப்பட்டிருந்தது 2019-ல் வெளியே வந்தது. திருத்தி எழுதியபோது சொத்துக் கணக்கில் சுமார் 1,200 கோடி ராண்ட் குறைந்தது. 2022 அக்டோபரில் கம்பெனி பிசினஸ் ரெஸ்க்யூவுக்கு, அதாவது நொடிந்த கம்பெனியை மீட்கும் சட்ட நடவடிக்கைக்குப் போனது. அந்தக் கணக்கை எழுதியது கரும்பு வெட்டியவனா, ஆலையில் நின்றவளா? மேல்மாடியில் மூடிய அறைக்குள் நடந்ததற்கு, கீழே நின்றவர்களின் வேலைதான் முதலில் ஆட்டம் கண்டது. கம்பெனியைக் கவிழ்ப்பது கூலி என்று சொல்கிறவர்கள் டொங்காட்டுக்குப் பதில் சொல்லட்டும்.

இந்த நாட்டின் கம்பெனிச் சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு கம்பெனி நொடியும்போது, அதை மீட்பு நடவடிக்கையில் வையுங்கள் என்று நீதிமன்றத்தில் மனுப்போடும் உரிமை, கடன் கொடுத்தவனுக்கும் பங்குதாரருக்கும் இருப்பதுபோல, தொழிற்சங்கத்துக்கும் இருக்கிறது. 2019-ல் தென்னாப்பிரிக்க ஏர்வேஸ் விஷயத்தில் சாலிடாரிட்டி சங்கம் அப்படித்தான் நீதிமன்றம் போனது. கம்பெனி பிழைத்தால்தான் தன் ஆட்கள் பிழைப்பார்கள் என்று சங்கத்துக்குத் தெரியும்.

குறை இல்லாத சங்கம் என்று நான் வாதாட வரவில்லை. உறுப்பினரை மறந்த தலைவர்கள் உண்டு. வேலைக்குப் போகிறவரை அடித்து மறித்த கூட்டங்களும் உண்டு, அதை நான் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன். அந்தத் தலைவரை ஓட்டுப் போட்டு மாற்றலாம். முதலாளியை ஓட்டுப் போட்டு மாற்ற முடியாது.

இப்போது எங்கள் வீட்டுக் கதை. அம்மா டர்பனில் ஒரு தையல் ஃபேக்டரியில் மெஷினிஸ்ட். தொண்ணூறுகளின் நடுவில் இறக்குமதி வரியைக் குறைத்ததும், வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து குவிந்தது, ஆர்டர் சரிந்தது. நிர்வாகம் அறுபது பேரை நிறுத்துவதாக நோட்டீஸ் ஒட்டியது. அன்று இரவு ஆயா அடுப்பைக்கூட மூட்டவில்லை. அம்மாவின் லைனில் ஷாப் ஸ்டூவர்டாக, அதாவது தொழிலாளிகளுக்காகப் பேசும் சங்கப் பிரதிநிதியாக இருந்தவர், பக்கத்து உம்லாசியிலிருந்து வந்த ஒரு ஜூலு அம்மா. "ஆளைக் குறைப்பதற்கு முன்னால் ஆர்டர் புத்தகத்தைக் காட்டுங்கள்" என்று கேட்டார். காட்டினார்கள். கணக்கு நிஜமாகவே மோசம். சங்கமே ஒரு வழி சொன்னது: யாரையும் நிறுத்த வேண்டாம், எல்லாரும் ஷார்ட் டைம் போகலாம், வெள்ளிக்கிழமை வேலையும் இல்லை, கூலியும் இல்லை. ஏழு மாதம் வாரத்துக்கு நாலு நாள் கூலியில் எங்கள் வீடு ஓடியது. பருப்பில் தண்ணீர் கூடியது. அறுபது பேரில் ஒருவரும் வெளியே போகவில்லை.

அந்த ஃபேக்டரி கடைசியில் மூடத்தான் செய்தது. ஆனால் ஒன்பது வருஷம் கழித்து மூடியது. அந்த ஒன்பது வருஷத்தில் நான் பள்ளிக்கூடம் முடித்தேன், தம்பி வேலை கற்றுக்கொண்டான், ஆயாவின் மருந்துக்குக் கடன் வாங்கவில்லை. மூடும்போது, வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் கணக்குப் பார்த்து அம்மா கையில் பணம் வந்தது. அந்த ஜூலு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெண்ணின் பேப்பரையும் வாசித்துச் சரிபார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடச் சொன்னார்.

அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஒன்பது வருஷத்தைச் சுமை என்று எதிரணி சொல்வதானால், அவரைப் பார்த்துச் சொல்லட்டும். வணக்கம்.