பெரிய டயர் போட்டால் பாரம் கூடத் தாங்குமா?

[காட்சி: பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. சாளைக்கு (தோப்பு வீட்டுக்கு) முன்னால் ஒற்றை ஆக்சில் டிரெய்லர். மேலே ஆயிரம் லிட்டர் டேங்க்.]

குரல்: சித்திரை வெயிலில் தென்னம்பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்ற இந்த மாதிரி வண்டி இல்லாத தோப்பு குறைவு. பழைய கார் டயர், பட்டறையில் வெல்டு வைத்த சேஸ், மினி டிராக்டருக்குப் பின்னால் ஒரு கொக்கி. டயர் இரண்டு முறை வெடித்துவிட்டது. "பெருசா மாட்டிட்டாச் சரியாப் போயிருமுங்களா?" என்கிறார் தோப்புக்காரர். பாதி சரிதானுங்க.

[காட்சி: டயர் பக்கவாட்டு எழுத்து, மிக நெருக்கத்தில்.]

குரல்: 145/80 ஆர்12 என்று இருக்கிறதே, அது டயர் சைஸ் (கடைசி 12 என்பது டயர் உட்காரும் டிஸ்க்கின் விட்டம், இன்ச்சில்), அதை விடுங்கள். பக்கத்தில் இருக்கும் 74தான் நமக்கு வேண்டியது. அதுதான் லோடு இண்டெக்ஸ். 74 என்றால் 74 கிலோ இல்லை, அது பட்டியலில் பார்க்கும் குறியீட்டு எண். ஒரு டயர் தாங்குவது 375 கிலோ. இரண்டுக்கும் சேர்த்து 750. அதுவும் டயருக்குச் சொன்ன அளவு ஏர் இருந்தால்தான். ஏர் குறைந்தால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். வெடிப்பதற்கு அந்தச் சூடு போதும்.

இப்போது தண்ணீர்க் கணக்கு. லிட்டருக்குக் கிலோ, ஆயிரம் லிட்டருக்கு ஆயிரம் கிலோ. டேங்க் 30, சேஸ் 180 என்று வையுங்கள், மொத்தம் 1,210. பத்தில் ஒரு பங்கு கொக்கியில் உட்கார்ந்தாலும் டயருக்கு மீதி சுமார் 1,090 கிலோ. 750 தாங்கும் இடத்தில் 1,090! டயர் வெடித்ததில் ஆச்சரியமே இல்லை.

[காட்சி: மூன்று டயர்கள் வரிசையாக.]

குரல்: 155/80 ஆர்13, இண்டெக்ஸ் 79: ஒன்றுக்கு 437, இரண்டுக்கு 874. 165/80 ஆர்14, இண்டெக்ஸ் 85: ஒன்றுக்கு 515, இரண்டுக்கு 1,030. பார்த்தீர்களா, இரண்டு சைஸ் ஏற்றியும் முழு டேங்குக்குப் பத்தவில்லை.

பத்தினாலும் இன்னொரு சங்கடம் இருக்கிறது. டயர் பெரிதானது ஆக்சிலுக்குத் தெரியாது. இந்த ஆக்சிலைச் செய்தவர் 800 கிலோவுக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார். ஆக்சில், ஹப் பேரிங், பட்டை ஸ்பிரிங், டிஸ்க், கொக்கி, டயர் என்ற வரிசையில் எது குறைவாகத் தாங்குகிறதோ அதுதான் வண்டியின் அளவு. டயர் வெடித்தால் ஸ்டெப்னி மாட்டலாம். ஆக்சில் ஒடிந்தால்?

[காட்சி: மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் வைத்துக் காட்டுவது.]

குரல்: 12லிருந்து 13க்கு மாறினால் டயர் விட்டம் சுமார் 41 மில்லிமீட்டர் கூடும், வண்டி உயர்வது அதில் பாதிதான். ஆனால் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் அமுங்குமே, அப்போது மட்கார்டில் உரசக் கூடாது. லோடு ஏற்றிவிட்டுப் பாருங்கள், வெறும் வண்டியில் பார்க்காதீர்கள். டிஸ்க்கின் நட்டுத் துளை வட்டத்தையும் அளந்துவிடுங்கள். நான்கு துளை என்பதற்காக எல்லாம் ஒன்றல்ல. 100 மில்லிமீட்டரும் உண்டு, 114.3ம் உண்டு. பஞ்சர் கடையில் சுத்தியலால் தட்டி உட்கார வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாமுங்க.

அப்படியானால் பெரிய டயரே தேவையில்லையா? தேவைதான். 600 லிட்டர் ஏற்றினால் டயருக்கு வருவது 730 கிலோ. பழைய டயர் விளிம்பில் நிற்கும். 13 இன்ச் டயர் 140 கிலோ மிச்சம் வைத்துக்கொண்டு நிம்மதியாக ஓடும். ஆக்சிலும் 800க்குள் இருக்கிறது.

[காட்சி: எடை மேடை.]

குரல்: சந்தேகம் இருந்தால் கொப்பரை லோடு போடும் எடை மேடைக்கே போய்விடுங்கள். டிராக்டரைக் கழற்றாமல், டிரெய்லர் சக்கரம் மட்டும் மேடையில் நிற்கும்படி நிறுத்துங்கள். சீட்டில் வரும் எண்தான் உங்கள் இரண்டு டயருக்கும் சேர்ந்த பாரம்.

அப்புறம், ஆயிரம் லிட்டர் டேங்கில் 600 மட்டும் ஊற்றினால் தண்ணீர் அலைமோதும். திருப்பத்தில் வண்டியையே தள்ளும். தோப்புக்காரர் டேங்கை இறக்கிவிட்டு 200 லிட்டர் பீப்பாய் மூன்று வைத்தார். மூன்றையும் கழுத்துவரை நிரப்பி, மூடியைத் திருகி, ஆக்சிலுக்குச் சற்று முன்பக்கம் தள்ளி வைத்துக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார்.

[காட்சி: வாய்க்கால் மேட்டில் வண்டி ஏறுகிறது. பீப்பாய் அசையவில்லை.]