17 டாலர் கிதார்

எல்லோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். 1960ஆம் வருஷம், அமெரிக்காவில் ஒரு கணவனும் மனைவியும் காரில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ரேடியோ நிலையம் எங்கே கண்ணில் பட்டாலும் வண்டியை நிறுத்துவார்கள். அந்தப் பெண் காரின் பின்பக்கத்திலேயே நல்ல கவுன் ஒன்றை மாற்றிக்கொண்டு, கையில் இசைத்தட்டோடு உள்ளே போய், என் பாட்டைப் போடுங்கள் என்று கேட்பார். சாப்பாடு, ரொட்டிக்கு நடுவில் வைத்த இறைச்சித் துண்டும் சீஸும். தூக்கம் பெரும்பாலும் காரிலேயே. அப்போது அவருக்கு வயது 28, நாலு பிள்ளைகளுக்குத் தாய்.

அவர்தான் பாடகி லொரெட்டா லின். அந்தப் பாட்டை எழுதியதும் அவர், பாடியதும் அவர். அமெரிக்கக் கிராமப்புறத்தில் வளர்ந்த இசையைக் கன்ட்ரி இசை என்பார்கள், அந்தப் பாட்டுகளின் விற்பனைப் பட்டியலில் அது 14ஆம் இடம் வரை போனது.

சரி, இவர் எங்கிருந்து வந்தார்? கென்டக்கி மாநிலத்து மலைப்பக்கம், வேன் லியர் என்ற நிலக்கரி ஊருக்கு அருகே புட்சர் ஹாலோ என்று ஒரு பள்ளத்தாக்கு. 1932இல் அங்கே பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாவது. அப்பா சுரங்கத் தொழிலாளி. ராத்திரியெல்லாம் பூமிக்கடியில் நிலக்கரி அள்ளுவது, பகலெல்லாம் சோளக்காட்டு வேலை. நிலக்கரித் தூசு நுரையீரலில் படிந்து, கொஞ்சம் கொஞ்சமாக மூச்சை அடைக்கிற நோய் அந்த மலையில் வீட்டுக்கு வீடு இருந்தது, அவரையும் விடவில்லை. 1959இல் அவர் போய்விட்டார். மகளின் முதல் இசைத்தட்டு வந்தது அதற்கு அடுத்த வருஷம். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

லொரெட்டாவுக்குக் கல்யாணம் ஆனது 1948இல், 15 வயதில். 13 வயதில் என்றுதான் அவரே ரொம்ப காலம் சொல்லிவந்தார், 2012இல் பிறப்புப் பதிவு வெளிவந்த பிறகுதான் சரியான வயது தெரிந்தது. இரண்டு வயது கூடிவிட்டதால் மட்டும் அது குறைந்த கொடுமையாகிவிடுமா என்ன! கணவர் ஆலிவர் லின், எல்லோரும் டூலிட்டில் என்று கூப்பிடுவார்கள். கூட்டிக்கொண்டு போனது நாட்டின் இன்னொரு மூலைக்கு, கனடா எல்லையை ஒட்டிய கஸ்டர் என்ற ஊருக்கு. அங்கே ஸ்ட்ராபெரி பறித்தார், அடுத்தவர் வீட்டில் துணி துவைத்தார், சமைத்தார். இருபது வயது முடிவதற்குள் நாலு பிள்ளை.

டூலிட்டில் குடிப்பார், பிற பெண்களிடம் போவார், கை நீட்டுவார், இவரும் திருப்பி அடித்ததை மறைத்ததில்லை. ஆனால் மனைவி வேலை செய்துகொண்டே பாடுவதைக் கேட்டுவிட்டு, 1953இல் 17 டாலருக்கு ஹார்மனி கம்பெனி கிதார் ஒன்று வாங்கிக் கொடுத்ததும் அதே மனுஷன்தான். மேடையேறிப் பாடு என்று தள்ளிவிட்டதும் அவரே. அவரை நல்லவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கிதார் இல்லாமல் இந்தக் கதையும் இல்லை. லொரெட்டா தானாகவே வாசிக்கப் பழகிக்கொண்டார், யாரும் சொல்லித்தரவில்லை.

கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் வந்த பிறகு, அப்போதே புகழோடு இருந்த பாடகி பாட்ஸி க்ளைனின் நட்பு கிடைத்தது. விபத்தில் அடிபட்டு பாட்ஸி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, லொரெட்டா ரேடியோவில் அவருடைய பாட்டையே அவருக்காகப் பாடினார். அதைக் கேட்ட பாட்ஸி, அந்தப் பெண்ணைக் கூட்டி வா என்று கணவரை அனுப்பினார். அங்கிருந்து தொடங்கிய பழக்கம். இரண்டே வருஷம்தான், 1963 மார்ச்சில் விமான விபத்தில் பாட்ஸி இறந்துபோனார். அடுத்த வருஷம் லொரெட்டாவுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தபோது ஒருத்திக்கு பாட்ஸி என்று பேர் வைத்தார்.

இவர் பாட்டு எழுதிய விதத்துக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். கச்சேரி தொடங்குவதற்கு முன்னால் ஒரு பெண் அழுதுகொண்டே மேடைக்குப் பின்னால் வருகிறாள். என் புருஷன் வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசைப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான் என்கிறாள். லொரெட்டா திரையை லேசாக விலக்கி எட்டிப் பார்க்கிறார். பார்த்துவிட்டுத் திரும்பி, உன் புருஷனைப் பறிக்கிற அளவுக்கு அவள் ஒன்றும் பெரிய பெண் இல்லையம்மா என்கிறார். அந்த வார்த்தையே பாட்டாகிவிட்டது, 1966இல் பட்டியலில் இரண்டாம் இடம். அடுத்த வருஷமே, குடித்துவிட்டு வந்து என்னிடம் காதல் பேசாதே என்று கணவனுக்குச் சொல்லும் பாட்டு முதலிடம் பிடித்தது. சமையலறையில் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதை இவர் மைக் முன்னால் நின்று சொன்னார், அவ்வளவுதான், ஆனால் அதைச் சொல்ல அன்றைக்கு எத்தனை பேருக்குத் துணிச்சல் இருந்தது?

1975இல் கருத்தடை மாத்திரை பற்றி ஒரு பாட்டு வந்தது. பதிவு செய்தது 1972இல், வெளியிடவே மூன்று வருஷம் ஆனது. பல ரேடியோ நிலையங்கள் போட மறுத்தன. அப்படியும் கன்ட்ரி பட்டியலில் ஐந்தாம் இடம் வந்தது. ஆறு பிள்ளை பெற்றவர் பாடுகிறார், அவருக்குப் போய் யார் ஒழுக்கம் சொல்லிக்கொடுப்பது? துண்டுப் பிரசுரங்கள் செய்யாத வேலையைக் கிராமங்களில் உங்கள் பாட்டு செய்தது என்று டாக்டர்கள் தன்னிடம் சொன்னதாகப் பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

விருதுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கன்ட்ரி இசைச் சங்கத்தின் அந்த ஆண்டின் சிறந்த கலைஞர் விருதை வாங்கிய முதல் பெண் இவர், 1972இல். 2004இல், 72 வயதில், தன்னைவிட நாற்பது வயதுக்கும் மேல் இளையவரான ராக் கலைஞர் ஜாக் வைட்டோடு சேர்ந்து ஒரு ஆல்பம் செய்தார், அதற்கு இரண்டு கிராமி. 2013இல் அதிபர் ஒபாமா கையால் சுதந்திரப் பதக்கம். இடையில் 1984இல் மகன் ஒருவர் ஆற்றில் மூழ்கி இறந்தார், 1996இல் டூலிட்டில். 2022 அக்டோபரில், 90 வயதில், டென்னசியில் தன் வீட்டில் தூக்கத்திலேயே காலமானார்.

இன்னும் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’, அதாவது சுரங்கத் தொழிலாளியின் மகள், 1970இல் வெளிவந்த அவருடைய சொந்தக் கதைப் பாட்டு. துவைக்கும் பலகையில் தேய்த்துத் தேய்த்து அம்மாவின் விரலில் ரத்தம் கசிந்தது, பன்றியை விற்ற காசில் குளிர்காலத்துக்கு ஷூ வாங்கியது, எல்லாம் அதில் இருக்கிறது. எழுதியபோது அது இன்னும் நீளம். தயாரிப்பாளர் ஓவன் ப்ராட்லி, இவ்வளவு வேண்டாம், குறைத்துவிடு என்றார். லொரெட்டா சில சரணங்களை வெட்டினார். வெட்டியவற்றை எடுத்து வைக்கவில்லை. பிற்காலத்தில் யோசித்துப் பார்த்தும் அவை நினைவுக்கு வரவில்லை. அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம், அந்த வீட்டில் அம்மாவும் அப்பாவும் இன்னும் என்னவெல்லாம் செய்தார்களோ என்று என் மனம் அந்த வெட்டிய வரிகளைத் தேடிக்கொண்டு போய்விடுகிறது. நன்றி, வணக்கம்.