ரயில் ஓடிய வழியில் ஒரு நடை

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரில் பழைய ரயில் பாதையே நடைபாதையாக மாறிய ரயில் காரிடாரில் நடப்பவர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். தஞ்சோங் பகாரில் தொடங்கி உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர். முழுவதும் நடந்தால் கால் வலிக்கும். ஆனால் மேடு ஏறி மூச்சு வாங்காது. புக்கிட் தீமா மலையை ஒட்டிப் போகும்போதுகூடத்தான்.

காரணம் ரயில்தான். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் வழுக்கும். பாரம் இழுக்கிற எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, பாதையை இழைத்து வைத்தார்கள். அன்று சிந்திய வேர்வையில்தான் இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் சைக்கிள் பழகுகிறார்கள்.

புக்கிட் தீமா பழைய நிலையத்தில் கொஞ்சம் நில்லுங்கள். 1932இல் வந்தது. ஒற்றைத் தடம் என்பதால் எதிரெதிரே வரும் ரயில்கள் இங்கேதான் விலகிக்கொள்ளும். ரயில்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க, டோக்கன் இல்லாமல் ஓட்டுநர் அடுத்த பகுதிக்குள் நுழையவே கூடாது. டோக்கன் என்பது ஓர் உலோகச் சாவி. அதைப் பெரிய வளையத்தில் மாட்டி, நிலைய ஊழியர் தூக்கிப் பிடிப்பார். ஓடுகிற ரயிலில் இருந்தே கையை நீட்டி வாங்கிக்கொள்வார்கள். கம்ப்யூட்டர் காலத்திலும், 2011 வரை, இங்கே இப்படித்தான் நடந்தது!

அந்த ஆண்டு ஜூன் 30 இரவு கடைசி ரயிலை மலேசியாவின் ஜொகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். அப்புறம் தண்டவாளத்தைப் பெரும்பாலும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். நிலத்தைத் துண்டு போடாமல் பசுமைப் பாதையாக விடச் சொல்லி இயற்கைச் சங்கம் அதற்கு முந்தைய ஆண்டே கேட்டிருந்தது. நல்லவேளை, அரசாங்கம் செவிசாய்த்தது.

நம்மவர்கள் கதையும் இதில் உண்டு. காமன்வெல்த் டிரைவில் இருக்கும் முனீஸ்வரன் கோயில், 1930களில் குவீன்ஸ்வே பக்கம் தண்டவாளத்தோரம் ரயில்வே தொழிலாளர்கள் வைத்துக் கும்பிட்ட சிறு குடிலாகத்தான் தொடங்கியது.

முதல்முறை போகிறவர்களுக்கு முழு 24 கிலோமீட்டர் வேண்டாம் என்பேன். கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி நிலையத்தில் இறங்குங்கள், பழைய ரயில் நிலையத்தைப் பாருங்கள், ஹில்வியூ வரை நடங்கள். ஏறக்குறைய 4 கிலோமீட்டர்தான். இரண்டு இரும்புப் பாலங்கள் வரும். கூட்டம் இருந்தால் பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை. மழை பெய்திருந்தால் பழைய செருப்பு போதும். இரண்டாவது பாலத்துக்குப் பக்கத்திலேயே ரயில் மால். பசியாறக் கடைகள் இருக்கின்றன.