ஒரே கசிவு, இரண்டு கணக்கு

[திரை: அகச்சிவப்புக் கேமராவில் ஒரு குழாய் மூட்டு. அதிலிருந்து கரும்புகை போல ஏதோ சுருண்டு மேலே போகிறது.]

இந்தக் குழாயை வெறும் கண்ணால் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. எரிவாயுவின் முக்கியப் பகுதியான மீத்தேனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இந்தக் கேமரா இருப்பதால்தான் கசிவது தெரிகிறது.

காற்றில் கலந்த மீத்தேன் சுமார் 12 ஆண்டுகளில் சிதைந்துவிடும். ஆனால் 20 ஆண்டுக் கணக்கில், அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஆகவே இன்றைக்கு ஒரு கசிவை அடைத்தால் அதன் பலன் நம் காலத்திலேயே தெரியும்.

சரி, அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் வீடு இருந்தால்?

திறந்த வெளியில் கசியும் மீத்தேன், சுவாசிப்பவருக்கு நஞ்சு அல்ல. அதோடு சேர்ந்து வரும் பென்சீன்தான் நஞ்சு. ரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. மீத்தேனின் சூடு உலகத்துக்கே பொது. பென்சீன் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு மட்டும் வரும்.

[திரை: மலையடிவாரக் குடியிருப்பு, இரவு]

2015 அக்டோபர். லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே அலிசோ கேன்யன் நிலத்தடி எரிவாயுக் கிடங்கு. 1953-இல் தோண்டிய கிணறு ஒன்றின் இரும்புக் குழாய் துருப்பிடித்து வெடித்தது. அடைக்க நான்கு மாதம் பிடித்தது. தலைவலி, மூக்கில் ரத்தம் என்று மக்கள் முறையிட்டார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின. எவ்வளவு மீத்தேன் போனது என்பதை, விமானத்தில் பறந்து அளந்தவர்கள் 2016-லேயே சொல்லிவிட்டார்கள்: சுமார் 97,000 டன். அந்த மக்களின் உடம்புக்கு என்ன ஆனது என்ற விரிவான ஆய்வு தொடங்கவோ பல ஆண்டுகள் ஆயின. என்னை உறுத்துவது இந்த இடைவெளிதான்.

மேலிருந்து பார்க்கும் கருவிகள் நன்றாகவே வளர்ந்துவிட்டன. 2017-இல் ஏவிய சென்டினல்-5பி செயற்கைக்கோள் பெரிய கசிவுகளைக் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் அதன் படத்தில் ஒரு புள்ளியே பல கிலோமீட்டர் அகலம். எந்தத் தெரு என்று அதனால் சொல்ல முடியாது.

எந்தத் தெரு என்பதுதான் முக்கியம். 1930-களில் அமெரிக்க நகரங்களில், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைக் கடன் கொடுக்கத் தகாதவை என்று வரைபடத்தில் சிவப்பு அடித்தார்கள். நல்ல பகுதிகள் என்று குறித்த இடங்களைவிட எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் அங்கே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று 2022-இல் வந்த ஆய்வு காட்டியது. டன் கணக்கை மட்டும் பார்த்துக் கசிவுகளை வரிசைப்படுத்தினால், ஆளில்லாத இடத்துப் பெரிய கசிவு முதலில் வரும். வீட்டு மதில் ஓரத்துச் சின்னக் கசிவு கடைசிக்குப் போய்விடும். எத்தனை டன், எத்தனை பேருடைய மூச்சு, இரண்டையும் சேர்த்து எடைபோடும் முறைதான் முதலில் வேண்டும்.

[திரை: வேலிக் கம்பியில் தொங்கும் சிறு குழாய்]

இது பென்சீனை உறிஞ்சிப் பிடிக்கும் குழாய். விரல் நீளம்தான், மின்சாரமும் வேண்டாம். அமெரிக்க எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் வேலியில் இதைத் தொங்கவிட்டு 14 நாளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்று 2015-இல் விதி வந்தது. இதே குழாய் கைவிட்ட கிணற்றின் ஓரத்திலும் மீத்தேன் கசியும் குப்பைக்கிடங்கின் ஓரத்திலும் தொங்கட்டும், மேலே செயற்கைக்கோள் மீத்தேனை அளக்கும் அதே நாட்களில்.