அறுபதை நெருங்கும்போது ஒரு பெரிய வீடு

வணக்கம், நேயர்களே. வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்பதால் இன்று என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். மலேசியாவில், பேராக்கிலுள்ள எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இப்போது அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சிலிருந்தே தொடங்குகிறேன். "பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், ஊழியர் சேமநிதிப் பணமும் இருக்கிறது, இந்த ஒற்றை மாடி வீட்டை விற்றுவிட்டுப் புதுத் தாமானில் ஒரு செமி-டி எடுத்தால் என்ன?" தாமான் என்றால் குடியிருப்புப் பகுதி, செமி-டி என்றால் ஒரு பக்கச் சுவர் மட்டும் அடுத்த வீட்டோடு ஒட்டிய இரட்டை வீடு.

இந்த ஆசையைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. நம்மவர்களுக்கு இது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். லயத்து வீடு, அதாவது ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடு, தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். வேலை இருக்கிறவரை கூரை, வேலை முடிந்தால் சட்டிபானையைக் கட்ட வேண்டியதுதான். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் ஓய்வு வயதுவரைகூட அந்தக் கூரை நிற்கவில்லை. 1960-இல், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பால் வெட்டுகிறவர்களையே பங்குதாரர்களாக்கித் தோட்டம் வாங்க வைத்தது அந்த நிலைமையில்தான். அவரும் எங்கள் ஊர்க்காரர். ஓய்வு பெற்ற கையோடு லயத்தைக் காலி செய்த அப்பாவைப் பார்த்து வளர்ந்த ஒருவர், தன்னுடைய ஓய்வுக்காலத்தில் நான்கு அறை கேட்கிறார். நியாயம்தான். ஆனால் பணம் நியாயம் பார்க்காது.

ஒரு கணக்குப் போடுவோம். உங்களுக்கு 58 வயது. கையிலிருக்கும் வீடு 180,000 வெள்ளிக்குப் போகிறது, புது வீடு 450,000 வெள்ளி. இடைவெளியில் 200,000-க்கு வங்கிக்குப் போகிறீர்கள். பெரும்பாலான வங்கிகள் 70 வயதுக்குள் கடனை முடிக்கச் சொல்லும். ஆக, உங்களுக்குக் கிடைப்பது 12 ஆண்டு. 4 விழுக்காடு வட்டி என்று வைத்தால் மாதம் சுமார் 1,750 வெள்ளி. இதே கடனை 30 வயதுப் பையன் 35 ஆண்டுக்கு எடுத்தால் மாதம் சுமார் 885 வெள்ளிதான் கட்டுவான். தனியார் துறையில் 2013 முதல் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அதற்குப் பிறகு சம்பளம் இல்லை, தவணை மட்டும் இன்னும் பத்து ஆண்டு ஓடும். அந்தப் பத்து ஆண்டுக்கு மட்டும் 210,000 வெள்ளி.

55 வயதில் 240,000 வெள்ளி இருக்க வேண்டும் என்று சேமநிதி வாரியம் நெடுநாள் ஓர் அடிப்படை அளவு வைத்திருந்தது. அது மாதம் 1,000 வெள்ளி வீதம் 20 ஆண்டுக்கு, சோறு, மருந்து, மின்சாரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து. அந்த ஆயிரத்துக்குள் 1,750 எப்படி அடங்கும்? அரசாங்க ஓய்வூதியம் வாங்குகிற ஆசிரியர் தம்பதி என்றால் கதை வேறு, அவர்கள் தாங்குவார்கள். தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்தவர்களுக்குச் சேமநிதி ஒன்றுதான்.

சரி, கடன் வேண்டாம், சேமநிதியிலிருந்தே எடுத்துப் போட்டுவிடுகிறேன் என்பார்கள் சிலர். கடனைவிட இது தேவலாம். ஆனாலும் 2024-க்குச் சேமநிதி 6.30 விழுக்காடு இலாப ஈவு கொடுத்தது. உதாரணத்துக்கு, 150,000 வெள்ளி அங்கேயே இருந்திருந்தால் அந்த ஓர் ஆண்டில் மட்டும் 9,450 வெள்ளி, மாதத்துக்கு 790 வெள்ளி போல. எல்லா ஆண்டும் அப்படி வராது, 2023-இல் 5.50தான். இருந்தாலும் அந்த வருமானத்தை விட்டுக்கொடுத்துத்தான் பெரிய வீட்டில் உட்காருகிறீர்கள். சொந்த வீட்டுக்கே வாடகை கொடுப்பது போலத்தான் இது.

கைமாற்றுச் செலவும் இருக்கிறது. 450,000 வெள்ளி வீட்டுக்கு உரிமை மாற்றும் முத்திரை வரி மட்டும் 8,000 வெள்ளி. கடன் பத்திரத்துக்கு இன்னும் 1,000. பழைய வீட்டை விற்றுத் தரும் ஏஜெண்டு, இரண்டு பக்கமும் லாயர், மதிப்பீட்டுக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் இருபதாயிரத்தைத் தாண்டிவிடும். ஒரு நல்ல செய்தி: பழைய வீடு ஐந்து ஆண்டுக்கு மேல் உங்கள் கையில் இருந்தால், 2022 முதல் குடிமக்களுக்கு அந்த விற்பனை லாபத்தில் வரி கிடையாது.

அப்புறம், பணத்தில் அடங்காத ஒரு கேள்வி. நான்கு அறையையும் பெருக்கித் துடைப்பது யார்? ஐயா கோயில் கமிட்டிக்குப் போய்விடுவார். அம்மாதான், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மாடிக்கும் கீழுக்கும். விடிகாலையில் மரத்துக்கு மரம் நடந்து, வாளி தூக்கித் தேய்ந்த கால் அது. பெரிய வீடு பார்க்கப் போகும்போது முதலில் பார்க்க வேண்டியது வரவேற்பறை அல்ல. கீழ்த்தளத்தில் படுக்கையறையும் குளியலறையும் இருக்கிறதா, குளியலறைக் கதவில் சக்கர நாற்காலி நுழையுமா என்று பாருங்கள். டெவலப்பர் மாதிரி வீட்டில் இதைக் காட்டமாட்டார், சரவிளக்கைத்தான் காட்டுவார்.

"தீபாவளிக்குப் பிள்ளைகள் வந்தால் படுக்க இடம் வேண்டாமா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஆண்டில் எத்தனை இரவு? அந்த இரவுகளுக்கு ஹாலில் பாய் விரித்தால் பேரப்பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மருமகனுக்கு வேண்டுமானால் ஈப்போவில் ஓட்டல் அறை எடுத்துக் கொடுங்கள், ஆண்டுக்கு ஆயிரம் வெள்ளிகூட ஆகாது. மகள் குடும்பத்தோடு நிரந்தரமாக உங்களுடன் வந்து இருக்கப் போகிறாள், செலவில் பாதி ஏற்கிறாள் என்றால் அது வேறு விஷயம். அப்போது பெரிய வீடு வாங்குங்கள், நானே கூட வந்து பார்க்கிறேன்.

அந்த மாதிரி நேரத்தில் கடன் காலத்தை நீட்டுவதற்காகப் பிள்ளையையும் கடனில் சேர்ப்பார்கள். வங்கிக்கு அது சௌகரியம். ஆனால் கிராண்டில், அதாவது வீட்டின் உரிமைப் பத்திரத்தில், யார் பெயர் என்று பாருங்கள். பணம் உங்கள் சேமநிதி, கிராண்டு பிள்ளை பெயரில் மட்டும் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். இதைக் கேட்கப் பல அப்பாக்கள் கூச்சப்படுகிறார்கள். லாயர் முன்னால் கேட்டுவிட்டால் சங்கடம் பாதி குறைந்துவிடும், அவரே கேட்டது போல ஆகிவிடும்.

கணவர் பெயரில் மட்டும் வீடு இருக்கிறதா? உயில் இல்லாமல் அவர் போய்விட்டால், 1958-ஆம் ஆண்டுப் பகிர்மானச் சட்டப்படி, அவருடைய பெற்றோர் உயிரோடு இல்லாத நிலையில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. அதாவது, அம்மா தான் குடியிருக்கும் வீட்டை விற்கவோ அடகு வைக்கவோ நினைத்தால் எல்லாப் பிள்ளைகளின் சம்மதமும் வேண்டும். சின்ன வீடோ பெரிய வீடோ, இரண்டு பேர் பெயரையும் போட்டு, ஓர் உயிலும் எழுதி வையுங்கள்.

மாறித்தான் ஆக வேண்டும் என்று மனம் சொன்னால், பழைய வீட்டை உடனே விற்காதீர்கள். அதை வாடகைக்கு விட்டுவிட்டு, போக நினைக்கும் தாமானிலேயே ஒரு வீட்டை ஆறு மாதம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். மின்சாரக் கட்டணம், காவலுக்கு மாதச் சந்தா, பக்கத்து வீட்டுக்காரர் முகம் பார்த்துப் பேசுவாரா, மழை பெய்தால் சாலையில் தண்ணீர் நிற்கிறதா, எல்லாம் தெரிந்துவிடும். உங்கள் பழைய வீடு 99 ஆண்டுக் குத்தகை நிலத்தில் இருந்தால் விற்கப் பெரும்பாலும் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும், அதற்கே பல மாதம் பிடிக்கும். விற்பது என்று முடிவானதும் அந்த ஒப்புதலை வாங்கிவிட்டுப் புது வீட்டுக்கு முன்பணம் கட்டுங்கள், அவசரத்தில் அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டி வராது.

கேட்டுக்கொண்டிருந்தமைக்கு நன்றி. வணக்கம்.