குழந்தையோட தலை தட்டையா இருக்கா? முதல்ல கழுத்தைப் பாருங்க!

குழந்தையோட தலை பின்பக்கம் ஒரு ஓரமா தட்டையாயிடுச்சு. பிசியோதெரபிஸ்ட்கிட்ட கூட்டிட்டுப் போறீங்க. அவங்க தலையைச் சரிபண்ணுவாங்கன்னு பார்த்தா, கழுத்தையே திருப்பித் திருப்பிப் பார்க்கிறாங்க. ஏன் கழுத்து? அதுதான் இன்னைக்கு விஷயம்.

[திரையில்: 1992]

பின்னணியைச் சட்டுனு சொல்லிடுறேன். பச்சைக் குழந்தைகள் தூக்கத்துலயே திடீர்னு இறந்துபோறதைத் தடுக்க, குப்புறப் போடாம மல்லாக்கவோ ஒருக்களிச்சோ படுக்க வைங்கன்னு 1992-ல அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் அமைப்பு அறிவுறுத்துச்சு, பின்னாடி மல்லாக்க மட்டும்தான்னு மாத்துச்சு. அப்புறம் வந்த வருஷங்கள்ல அங்கே அந்த மரணங்கள் பாதியா குறைஞ்சது. தட்டைத் தலைதான் கூடுச்சு. அதுக்காகக் குப்புறத் தூங்க வைச்சிடாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கிறேன். தலையைச் சரிபண்ண வழி இருக்கு.

இது உங்க வீட்டுக்கு மட்டும் வந்த பிரச்சினையும் இல்ல. கனடாவோட கால்கரி நகரத்துல 7 முதல் 12 வாரக் குழந்தைகள் 440 பேரைப் பார்த்த ஆய்வு 2013-ல வெளியாச்சு. 46.6 சதவீதம் பேருக்குத் தட்டை இருந்துச்சு. பெரும்பாலும் லேசானதுதான்.

[படம்: கழுத்துத் தசை]

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். காதுக்குப் பின்னாடியிருந்து இறங்கி மார்பெலும்பு, காறையெலும்பு வரைக்கும் ஒரு தசை போகுது. வலது பக்கத் தசை இறுகியிருக்குன்னு வைங்க. தலை வலது தோள் பக்கம் சாயும், ஆனா முகம் இடது பக்கம் திரும்பும். முகம் இடது பக்கம் திரும்பினா மெத்தையில அழுந்துறது எது? இடது பின்மண்டை. ஆக, இறுக்கம் வலது பக்கம், தட்டை இடது பக்கம்! தட்டையான இடத்தை மட்டும் உத்துப் பார்த்தா காரணம் கண்ணுலயே படாது. அதோட விடல. தட்டை விழுந்ததும் தலை அந்தப் பக்கமே போய் உட்காரும், உட்கார உட்காரத் தட்டை கூடும். இந்தச் சுழலை உடைக்கிறதுதான் பிசியோவோட வேலை.

தசையை மெதுவா நீட்டுற பயிற்சி உண்டு. அதை பிசியோ நேர்ல கத்துக்கொடுக்கணும், வீடியோ பார்த்துப் பண்ணக் கூடாது. என்னோடதையும் சேர்த்துத்தான் சொல்றேன். ஆனா முக்கியமான பகுதி, குழந்தையே தானா திரும்புறது. திரும்பாத பக்கம் நின்னு பேசுங்க, பொம்மையைக் காட்டுங்க. படுக்கையில தலைமாடு கால்மாட்டை மாத்துங்க. பால் கொடுக்கிற கையை மாத்துங்க. முழிச்சிருக்கும்போது, நீங்க பக்கத்துல இருந்து, குப்புறப் போட்டு விளையாட விடுங்க. அழுதா உங்க நெஞ்சு மேல போட்டுக்கலாம், அதுவும் கணக்குதான். முதல்ல சில நிமிஷம் போதும். ஏழு வார வயசுல ஒரு நாளைக்கு மொத்தம் 15 முதல் 30 நிமிஷம் வரைக்கும் கொண்டு வரலாம்.

அப்போ தலையை உருண்டையாக்குறது யாரு? மூளை! முதல் வருஷத்துல அது ஏறக்குறைய ரெண்டு மடங்காகுது. அழுத்தம் விலகினா, வளர்ற மூளை மண்டையோட்டை வெளியே தள்ளிக்கிட்டே வரும். அதனாலதான் சீக்கிரம் தொடங்கணும்னு இவ்வளவு வற்புறுத்துறேன். 2008-ல வெளியான நெதர்லாந்து ஆய்வுல, ஒரே பக்கம் திரும்புற 65 குழந்தைகள்ல ஒரு பகுதிக்கு ஏழு வார வயசுலயே பிசியோதெரபி தொடங்கினாங்க. மத்தவங்களைவிட அவங்களுக்குக் கடுமையான தட்டை வர்ற ஆபத்து ஆறு மாசத்துல 46 சதவீதமும், ஒரு வயசுல 57 சதவீதமும் குறைஞ்சது.

தலை வடிவத்தைச் சரிபண்ணன்னு குழந்தைக்கு மாட்டுற ஹெல்மெட்? 2014-ல வந்த இன்னொரு நெதர்லாந்து ஆய்வுல, 84 குழந்தைகள்ல பாதிப் பேருக்கு ஒரு நாளைக்கு 23 மணி நேரம் மாட்டச் சொன்னாங்க. ரெண்டு வயசுல முழுசா சரியானது ஹெல்மெட் போட்டவங்கள்ல 26 சதவீதம், போடாதவங்கள்ல 23. எல்லாருக்கும் ஹெல்மெட் வாங்கச் சொல்றதை என்னால ஏத்துக்க முடியல. ரொம்பக் கடுமையா இருந்தா மருத்துவர் முடிவு பண்ணட்டும். தலையை உருண்டையாக்கும்னு விக்கிற தலையணை மட்டும் வேண்டவே வேண்டாம், மூச்சு அடைக்கிற ஆபத்து இருக்கு.

[படம்: மேலிருந்து தெரியும் தலை]

குழந்தை தலையை மேலிருந்து பாருங்க. படுக்கிறதால வந்த தட்டைன்னா, அந்தப் பக்கக் காது கொஞ்சம் முன்னாடி தள்ளியிருக்கும், நெத்தியும் அதே பக்கம் புடைச்சிருக்கும். காது பின்னாடி போயிருந்தாலோ, மண்டையில மேடு மாதிரி ஒரு கோடு தட்டுப்பட்டாலோ, மண்டையோட்டு எலும்புகளுக்கு நடுவுல இருக்கிற இணைப்பு முன்கூட்டியே மூடியிருக்கலாம். அதுக்குப் பயிற்சி பலிக்காது, அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அந்தச் சந்தேகம் வந்தா பிசியோவுக்கு முன்னாடியே குழந்தைநல மருத்துவரைப் பாருங்க, தள்ளிப்போடாதீங்க.