காலியாகாத நாற்காலி

அவைத் தலைவர் அவர்களுக்கும், மழையையும் பாராமல் வந்து அமர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

1964 ஏப்ரல் 2. பொழுது இன்னும் விடியவில்லை. பிரேசிலியாவில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் அவசர அவசரமாகக் கூட்டியிருக்கிறார்கள். செனட் தலைவர் ஔரோ டி மௌரா ஆண்ட்ராடே, அதிபர் பதவி காலியாகிவிட்டதாக அறிவிக்கிறார். அதிபர் ஜோவோ கூலார்ட் இறந்துவிட்டாரா? இல்லை. பதவி விலகினாரா? இல்லை. நாட்டை விட்டுப் போய்விட்டாரா? அதுவும் இல்லை. தெற்கே போர்ட்டோ அலெக்ரி நகரத்தில், பிரேசில் மண்ணிலேயே இருக்கிறார். அப்படித்தான் இருக்கிறார் என்று அதிபர் மாளிகை எழுதியனுப்பிய கடிதம் அந்த அவையிலேயே வாசிக்கப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும் பதவி காலி! உறுப்பினர்கள் நடுவிலிருந்து "அயோக்கியன்! அயோக்கியன்!" என்று ஒரு குரல் வெடிக்கிறது. அந்தக் குரலுக்கு உரியவர் டான்கிரெடோ நெவெஸ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூலார்ட்டைக் கவிழ்க்க ராணுவத் துருப்புகள் மார்ச் 31 அன்றே ஜுயிஸ் டி ஃபோரா நகரிலிருந்து ரியோவை நோக்கிப் புறப்பட்டுவிட்டன. ஆட்சியைப் பிடிக்கத் துப்பாக்கியே போதும். பிறகு எதற்கு அந்த நள்ளிரவுக் கூட்டம்? இந்தக் கேள்விதான் பல ஆண்டுகளாக என்னைத் துரத்துகிறது. வேல் பிடித்த கை கோலையும் கேட்டது என்பதுதான் எனக்குக் கிடைத்த விடை. தாங்கள் செய்தது சட்டப்படியானது என்று சொல்ல ஒரு தாள் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அந்தத் தாள் உடனே பலனும் தந்தது. கீழவைத் தலைவர் மேசிலி இடைக்கால அதிபரானார். சில மணி நேரத்தில் அமெரிக்க அதிபர் ஜான்சனின் வாழ்த்துச் செய்தி வந்து சேர்ந்தது.

அதே கண்டத்துச் சிலியில் பினோசெட் என்ற ஒரே மனிதர் பதினேழு ஆண்டுகள் ஆண்டார். பிரேசில் தளபதிகள் வேறு வழியில் போனார்கள். 21 ஆண்டுகளில் ஐந்து அதிபர்கள்: காஸ்டெலோ பிராங்கோ, கோஸ்டா இ சில்வா, மெடிசி, கெய்செல், ஃபிகெய்ரெடோ. ஐவருமே ராணுவத் தளபதிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு பதவிக்காலம், ஒரு பதவியேற்பு விழா, தோளில் பச்சையும் மஞ்சளுமான அதிபர் பட்டை. 1965-ல் பழைய கட்சிகளைக் கலைத்து, அரேனா என்ற ஆளும் கட்சிக்கும் எம்.டி.பி. என்ற எதிர்க்கட்சிக்கும் மட்டும் இடம் விட்டார்கள். ஆளைத் தேர்ந்தெடுத்தது ராணுவ வட்டாரம். கையைத் தூக்கியது நாடாளுமன்றம்.

1968-க்கு வருகிறேன். மார்சியோ மொரேரா ஆல்வெஸ் என்ற இளம் உறுப்பினர், சுதந்திர தின அணிவகுப்பைப் புறக்கணியுங்கள் என்று அவையில் பேசினார். அவர்மேல் வழக்குப் போட ராணுவம் அனுமதி கேட்டது. டிசம்பர் 12 அன்று அவை வாக்களித்தது. அனுமதிக்கு ஆதரவாக 141, எதிராக 216. ஆளும் கட்சிக்காரர்களே பலர் மறுத்து வாக்களித்திருந்தார்கள். அந்த அச்சத்திலும் அத்தனை பேர் நிமிர்ந்து நின்றதை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

மறுநாளே பழி தீர்க்கப்பட்டது. ரியோவின் லரஞ்செய்ராஸ் மாளிகையில் தேசியப் பாதுகாப்பு மன்றம் கூடியது. அதிபர் கோஸ்டா இ சில்வா தலைமை வகிக்க, ஒவ்வொருவராகக் கருத்துச் சொன்னார்கள். பேச்சு முழுவதும் ஒலிநாடாவில் பதிவானது. நாடாளுமன்றத்தை மூடலாம், பதவிகளைப் பறிக்கலாம், குடிமகனின் அரசியல் உரிமையைப் பத்தாண்டு முடக்கலாம், அரசியல் வழக்குகளில் ஆட்கொணர்வு மனு கிடையாது, நீதிமன்றம் எதையும் கேட்க முடியாது. ஐந்தாவது நிறுவனச் சட்டம் என்ற பெயரில் மேசைமேல் இருந்தது இதுதான். தொழிலாளர் அமைச்சர் ஜர்பாஸ் பசரீன்யோ, இந்த நேரத்தில் மனசாட்சியின் தயக்கங்கள் எல்லாம் எப்படியோ போகட்டும் என்று சொல்லிக் கையெழுத்துக்கு ஒப்பினார். எதிர்த்தவர் ஒருவர்தான்: துணை அதிபர் பெட்ரோ அலெய்ஷோ. ராணுவத்தில் இல்லாதவர், சட்டம் படித்தவர். அவர் சொன்னதாக ஒரு வாக்கியம் பிரேசிலில் இன்றும் வழங்குகிறது. "அதிபர் அவர்களே, எனக்குத் தங்களைப் பற்றி அச்சமில்லை, தெருமுனையில் நிற்கிற காவலரைப் பற்றித்தான் அச்சம்."

அந்த ஒரு மறுப்புக்கு அலெய்ஷோ விலை கொடுத்தார். 1969 ஆகஸ்டில் கோஸ்டா இ சில்வா பக்கவாதத்தால் பேச்சிழந்தார். அரசியல் சட்டப்படி துணை அதிபர்தான் பொறுப்பேற்க வேண்டும். ஆனால் முப்படை அமைச்சர்கள் மூவரும் அவரை ஒதுக்கிவிட்டு ஆட்சியைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். அதிபர் உயிரோடிருந்த நாற்காலியை 1964-ல் காலி என்றவர்கள், உண்மையிலேயே அது காலியானபோது உரியவரை உட்காரவிடவில்லை. பிறகு தளபதிகளுக்குள் கலந்து பேசி மெடிசியைத் தேர்ந்தெடுத்தார்கள். பத்து மாதமாகப் பூட்டிக் கிடந்த நாடாளுமன்றத்தை அக்டோபரில் திறந்தது, அவருக்கு வாக்களிப்பதற்காகத்தான்.

மெடிசி காலத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பொருளாதாரம் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு அளவில் வளர்ந்தது, 1970-ல் உலகக் கோப்பை வந்தது, அமேசான் காட்டைக் கிழித்துச் சாலை போனது. "பிரேசிலை நேசி, இல்லையேல் வெளியேறு" என்பது முழக்கம். சித்திரவதைக் கூடங்கள் நிரம்பி வழிந்ததும் அந்த ஆண்டுகளில்தான்.

நான் நின்று பேச விரும்புவது அடுத்து வந்த கெய்செலைப் பற்றி. மெல்ல மெல்ல, பத்திரமாகத் தளர்த்துவேன் என்றவர் அவர். நல்லவர், கீழே இருந்தவர்கள்தான் அவருக்குத் தெரியாமல் அட்டூழியம் செய்தார்கள் என்று வெகுகாலம் பேசப்பட்டது. 1975 அக்டோபர் 25 காலை, சாவோ பாலோவில் விளாடிமிர் ஹெர்சாக் என்ற தொலைக்காட்சிச் செய்தி இயக்குநர், அழைப்பு வந்ததால் தானாகவே ராணுவ விசாரணை மையத்துக்குப் போனார். மாலைக்குள் பிணமானார். தூக்குப் போட்டுக்கொண்டார் என்று ராணுவம் ஒரு புகைப்படத்தை வெளியிட்டது. அந்தப் படத்தைப் பாருங்கள். ஜன்னல் கம்பியில் கட்டிய துணி, மடங்கிய முழங்கால்கள், தரையில் ஊன்றியிருக்கும் பாதங்கள். கால் தரையில் ஊன்றியபடி ஒருவர் தூக்கில் தொங்கினாராம்! ஆறு நாள் கழித்து சாவோ பாலோ பேராலயத்தில் ஒரு கர்தினாலும் ஒரு யூத குருவும் ஒரு புராட்டஸ்டன்ட் போதகரும் சேர்ந்து நடத்திய வழிபாட்டுக்கு ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டார்கள்.

சில மாதத்தில் அதே மையத்தில் ஒரு தொழிலாளி மாண்டபோது கெய்செல் அப்பகுதித் தளபதியைப் பதவி நீக்கினார். அது உண்மை. ஆனால் 2018-ல் இன்னோர் ஆவணம் வெளிச்சத்துக்கு வந்தது. அமெரிக்க உளவுத்துறைத் தலைவர் கோல்பி, 1974 ஏப்ரலில் தம் நாட்டு வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிங்கருக்கு எழுதிய குறிப்பு. கைதிகளைத் தீர்த்துக்கட்டும் நடைமுறை மெடிசி ஆட்சியில் இருந்தது என்றும், அது தொடரட்டும், ஆபத்தானவர்கள் மட்டுமே கொல்லப்படவேண்டும், ஒவ்வொன்றுக்கும் பிரேசில் உளவுத்துறைத் தலைவர் ஃபிகெய்ரெடோவின் ஒப்புதல் வேண்டும் என்று கெய்செல் முடிவு செய்தார் என்றும் அதில் இருக்கிறது. அடுத்த அதிபராக வந்தவரும் அதே ஃபிகெய்ரெடோதான்.

நண்பர்களே, தெருமுனைக் காவலருக்குத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று இனியும் தேட வேண்டுமா? அது நாற்காலியிலிருந்து வந்தது. 2014-ல் அறிக்கை தந்த தேசிய உண்மை ஆணையம், கொல்லப்பட்டோரும் காணாமற்போனோருமாக 434 பேரை அடையாளம் கண்டது. பொறுப்பாளிகளாக 377 பேரின் பெயர்களை வெளியிட்டது. அந்தப் பட்டியலில் ஐந்து அதிபர்களும் இருக்கிறார்கள். ஆனால் 1979-ன் பொது மன்னிப்புச் சட்டம் கொடுமை செய்தவர்களையும் காத்துக்கொண்டிருந்தது. 2010-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி டான்கிரெடோ நெவெஸ். 1984-ல் அதிபரை நாங்களே தேர்ந்தெடுப்போம் என்று பிரேசில் நகரங்களின் சதுக்கங்கள் நிரம்பின. அதற்கான சட்டத்திருத்தம் 298 வாக்குப் பெற்றும், தேவையான 320-க்கு 22 குறைந்து தோற்றது. அதனால் எதிர்க்கட்சி, அதிபரைத் தேர்ந்தெடுக்கத் தளபதிகள் கட்டிவைத்த தேர்வுக் குழுவுக்குள்ளேயே நுழைந்தது. 1985 ஜனவரி 15 அன்று நெவெஸ் 480-க்கு 180 என்று வென்றார். 1964-ல் காலி என்ற பொய்யைக் கேட்டுக் கொதித்தவருக்கு அந்த நாற்காலி கிடைத்துவிட்டது. பதவியேற்புக்கு முந்தைய நாள் இரவு அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஏப்ரல் 21 அன்று காலமானார். ஒரு நாள்கூட அதில் உட்காரவில்லை. துணை அதிபர் சார்னிக்குப் பட்டையை அணிவிக்க மனமில்லாமல் ஃபிகெய்ரெடோ மாளிகையை விட்டு வெளியேறினார்.

கூலார்ட் 1976-ல் அர்ஜென்டினாவில், நாடு திரும்பாமலே இறந்தார். அவர் சாவில் ஐயம் எழுந்ததால் 2013-ல் உடலைத் தோண்டி எடுத்து பிரேசிலியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதே மாதத்தில் நாடாளுமன்றம் 1964 ஏப்ரல் 2-ன் கூட்டத்தையே செல்லாது என்று அறிவித்தது. விமானப்படைத் தளத்தில் அந்தப் பெட்டியை, நாட்டின் தலைவருக்குரிய மரியாதையுடன், அன்றைய அதிபர் டில்மா ரூசெஃப் வரவேற்றார். 1970 ஜனவரியில், இருபத்திரண்டு வயதில், சாவோ பாலோவில் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளாகி, ஏறக்குறைய மூன்றாண்டு காலம் சிறையில் இருந்த பெண் அவர்.